தணிகாசலம் கேட்ட பட்டாம்பூச்சிகள்

மேம்பாலத்தடியில் குப்பை கிடந்த இடத்தில் தெருக்காரர்கள் சேர்ந்து ஆவாரையும் எருக்கும் வளர்த்தார்கள். பட்டாம்பூச்சிகள் மொய்த்தன. எதிர் பங்களாவில் வெளிநாட்டு ரோஜா வளர்த்த தணிகாசலத்துக்கு வயிறு எரிந்தது. அங்கே ஒன்றுகூட எட்டிப் பார்ப்பதில்லை.

ஒருநாள் வந்து மிரட்டினார். "இதெல்லாம் என் தோட்டத்துப் பூச்சி. நாளைக்குள்ள திருப்பி அனுப்பணும். இல்லேன்னா கார்ப்பரேஷன்ல சொல்லி இந்தச் செடியெல்லாம் பிடுங்க வைப்பேன்."

தெருக்காரர்கள் கூடிவிட்டார்கள். இஸ்திரி போடும் செங்கேணி பணிவாகக் கேட்டாள்: "அனுப்பிடலாம் சார். உங்க தோட்டத்துல புழு நெறைய இருக்குமோ?"

"என் தோட்டத்துல புழுவா? வாராவாரம் மருந்தடிக்கிறேன். ஒண்ணு காட்டு பார்ப்போம்."

"அப்போ புழுவே இல்லாம இத்தனை பட்டாம்பூச்சி எப்படி சார் பொறந்துச்சு?"

தெருவே சிரித்தது. தணிகாசலம் விறுவிறுவென்று பங்களாவுக்குத் திரும்பினார்.

மறுவாரம், செங்கேணி மட்டும் இருந்த நேரம் பார்த்து வந்து, ஓர் எருக்கங்கன்று கேட்டார்.

"புழுவோடதான் இருக்கு. பரவாயில்லையா சார்?" என்றாள் செங்கேணி.