படத்தில் இல்லாத பக்கம்

போத்தனூரில் பியூலாவிடம் சின்ன ரயில் வண்டிகள் செய்யக் கற்றுக்கொள்ள வந்தவர்களில் வயதில் மூத்தவர் கிருபாகரன். ஈரோட்டில் மயக்க மருந்து டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பியூலா அவரைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் அவர் பியூலாவை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார். பியூலா அவரை சார் என்று கூப்பிட்டார்.

பியூலா செய்ததெல்லாம் நீராவி எஞ்சின் காலத்துச் சரக்கு வேகன்கள் மட்டும்தான். எஞ்சின் செய்யமாட்டார். பயணிகள் பெட்டியும் செய்யமாட்டார்.

"ஏன் டீச்சர்?" என்று வந்த புதிதில் கிருபாகரன் கேட்டார்.

"எஞ்சினை எல்லாரும் பார்த்திருக்காங்க. வேகனை யாரும் சரியாப் பார்க்கலை. அதான் நான் பார்க்கிறேன்."

அவர் செய்யும் வேகன் உள்ளங்கையில் அடங்கிவிடும். ஆனால் பலகைகளுக்கு நடுவே உள்ள இடுக்கு, கதவின் தாழ்ப்பாள், ஆணித் தலைகள், மழைத் தண்ணீர் இறங்கிய துருக் கோடு என்று ஒவ்வொன்றும் அசலில் எங்கே இருந்ததோ அங்கேயே இருக்கும்.

சில மாதங்கள் கிருபாகரன் மற்றவர்களைப் போலவே பலகை அறுத்தார், சக்கரம் பொருத்தினார், வண்ணம் அடித்தார். ஊசி பிடித்துப் பழகிய கை என்பதால் நடுக்கம் இல்லை. ஒருநாள் காலையில் ஒரு பழைய புகைப்படத்தோடு வந்தார்.

"டீச்சர், நான் இந்த வேகனைச் செய்யணும்."

கறுப்பு வெள்ளைப் படம். மீட்டர் கேஜ் வேகன் ஒன்று லேசாகச் சாய்ந்து நின்றது. அதைச் சுற்றி வேட்டி கட்டியவர்களும் சின்னப் பையன்களும் காமிராவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இது எந்த ஊருங்க சார்?"

"பொள்ளாச்சிப் பக்கம் ஒரு சின்ன ஸ்டேஷன். எங்கப்பா மாசிலாமணி அங்கே வண்டிக்கு லைன் மாத்தி விடற பாயிண்ட்ஸ்மேனா இருந்தார். கடலை மூட்டை ஏத்தின வேகனைப் பக்கத்து லைன்ல நிறுத்தி வெச்சிருந்தாங்க. அது தானா உருண்டு, லைன் முடியற இடத்தையும் தாண்டிப் போயிருச்சு. அப்பா பிரேக் போடலைன்னு விசாரணையில எழுதிட்டாங்க. பதவியைக் குறைச்சு வேற ஊருக்கு மாத்திட்டாங்க."

"அவர் என்ன சொன்னார்?"

"எங்ககிட்ட ஒண்ணுமே சொன்னதில்லை. யாராவது அந்தப் பேச்சை எடுத்தா எழுந்து வெளியே போயிருவார். அம்மாதான் கடைசிவரைக்கும் சொல்லிட்டு இருந்துச்சு, உங்கப்பா பிரேக் போடாம இருந்திருக்க மாட்டார்னு. இந்தப் படமும் அம்மாவோட பெட்டியில இருந்ததுதான்."

கிருபாகரன் படத்தில் விரல் வைத்துக் காட்டினார். வேகனின் அடியில் நீளமாக ஒரு இரும்பு லீவர் இருந்தது. கை பிரேக். அதைக் கீழே அழுத்திக் கொக்கியில் மாட்டினால் சக்கரம் பிடித்துக்கொள்ளும். படத்தில் அது மேலே இருந்தது.

"இந்தப் பக்கம் போடலை, தெரியுது. ஆனா இந்த மாதிரி வேகன்ல ரெண்டு பக்கமும் லீவர் உண்டு. ஏதாவது ஒரு பக்கம் போட்டாலே போதும். இல்லீங்களா?"

"ஆமா."

"அப்போ அந்தப் பக்கம் எப்படி இருந்துச்சு டீச்சர்? படத்துல இல்லாத பக்கத்தை எப்படிச் செய்யறது?"

பியூலா எழுந்து கண்ணாடி அலமாரியைத் திறந்தார். அதிலிருந்த வேகன்களிலேயே அழகானது, நிலக்கரி ஏற்றும் திறந்த வேகன் ஒன்று. வருகிறவர்கள் எல்லாரும் அதன் முன்னால்தான் வெகுநேரம் நிற்பார்கள். கிருபாகரனும் நின்றிருக்கிறார். பியூலா அதை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"திருப்பிப் பாருங்க."

அவர் திருப்பினார். மறுபக்கத்தில் ஒன்றுமே இல்லை. பலகைக் கோடு இல்லை, ஆணி இல்லை, வண்ணம்கூட இல்லை. வெறும் வெள்ளைத் தகடு.

"என்ன டீச்சர் இது?"

"எனக்குக் கிடைச்ச படத்துல ஒரு பக்கம்தான் இருந்துச்சு."

"இதே மாதிரி வேகன் ஆயிரம் ஓடியிருக்குமே. அதுல ஒண்ணைப் பார்த்து இந்தப் பக்கத்தைச் செய்திருக்கலாமே?"

"செய்யலாம். எத்தனையோ தடவை செய்திருக்கேன். ஆனா அது வேற வேகன் ஆயிரும்." பியூலா அவர் முகத்தைப் பார்த்தார். "உங்களுக்கு எது வேணும் சார்? இந்த மாதிரி ஒரு வேகனா, இதே வேகனா?"

கிருபாகரன் வெள்ளைத் தகட்டைத் தடவிப் பார்த்தார்.

"இதே வேகன்தான்."

"அப்போ படத்தை இன்னும் கொஞ்சம் பார்ப்போம்."

பியூலா பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு விளக்குக்கு அடியில் உட்கார்ந்தார். வேகனைப் பார்க்கவில்லை. வேகனுக்கு அடியில், சக்கரங்களுக்கு நடுவே தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்துவிட்டுக் கண்ணாடியை அவரிடம் நீட்டினார்.

"அந்தப் பக்கம் நிக்கிறவங்களோட கால் தெரியுதா?"

"தெரியுது. செருப்புப் போட்ட கால். வெறுங்கால். இது ஒரு பையன் கால்."

"அதுக்குப் பக்கத்துல?"

கிருபாகரன் குனிந்தார். சற்றுத் தள்ளி மெல்லிசாக மூன்று கோடுகள் மண்ணில் ஊன்றியிருந்தன.

"குச்சியா? மூணு கால் இருக்கு." அவர் நிமிர்ந்தார். "டீச்சர், ஸ்டாண்ட்! காமிரா ஸ்டாண்ட்!"

"அந்தப் பக்கத்துல இருந்தும் ஒருத்தர் படம் எடுத்திருக்கார்."

அன்று மத்தியானமே கிருபாகரன் பொள்ளாச்சிக்குக் கிளம்பிவிட்டார். அம்மாவின் பெட்டியில் இருந்த படத்தை எடுத்த ஸ்டூடியோ இப்போது செல்போன் கடையாக இருந்தது. கடைக்காரர் இன்னொரு ஸ்டூடியோவைச் சொன்னார். அது பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரர் உடுமலைப்பேட்டையில் ஒருவரைச் சொன்னார். கிருபாகரன் நாள் தவறாமல் அலைந்தார். வீட்டுக்கு வந்தால் அவர் மனைவி, "ஆஸ்பத்திரிக்குப் போகும்போதுகூட இப்படிச் சாப்பிடாமக் கிளம்பினதில்லை" என்றார். அந்த வயதில் அப்படி ஓர் ஆர்வம் தனக்குள் இருப்பது அவருக்கே புதிதாக இருந்தது.

உடுமலைப்பேட்டையில் இந்திராணி என்ற அம்மாள் கதவைத் திறந்தார். அவருடைய அப்பா அந்தக் காலத்தில் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் படம் எடுத்தவர். கோடவுனுக்கு யாராவது தீ வைத்தாலும், பாலம் உடைந்தாலும் முதலில் போய் நின்றவரும் அவர்தான்.

"உருண்டு போன வேகனா? அப்பா எதையும் தூக்கிப் போடமாட்டார். மேலே ஏறித் தேடிக்குங்க."

பரணில் தகர டப்பாக்கள் அடுக்கியிருந்தன. தும்மிக்கொண்டே ஒவ்வொரு நெகட்டிவாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூன்றாம் நாள் அது கிடைத்தது. அதே வேகன். மறுபக்கம்.

நெகட்டிவில் கறுப்பு வெளுப்பாகவும் வெளுப்பு கறுப்பாகவும் இருந்தது. ஆனால் லீவர் தெளிவாகத் தெரிந்தது. அந்தப் பக்கமும் அது மேலேதான் இருந்தது.

அதன்பிறகு இரண்டு வாரங்கள் கிருபாகரன் போத்தனூர்ப் பக்கம் வரவில்லை. பியூலாவும் போன் செய்யவில்லை.

வந்தபோது கையில் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. அதைத் திறந்து, வேகனை எடுத்து மேசையில் வைத்தார். இரண்டு பக்கமும் முழுதாகச் செய்யப்பட்டிருந்தது. ஒரு பலகை பெயர்ந்து வேறு பலகை அடித்திருந்த இடம்கூட அப்படியே இருந்தது. இரண்டு லீவர்களும் மேலே இருந்தன.

"ரெண்டு பக்கமும் போடலை டீச்சர்."

பியூலா வேகனைத் தூக்கி, கண்ணுக்கு நேராகப் பிடித்து, சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"சரியா இருக்கு சார்."

"நீங்களே வெச்சுக்குங்க. எனக்கு வேண்டாம். நல்லவேளை, இதைப் பார்க்க அம்மா இல்லை."

"அந்தப் படத்தைக் கொண்டு வந்திருக்கீங்களா?"

பெரிதாக அச்சடித்த படத்தை அவர் வேண்டாவெறுப்பாக எடுத்துக் கொடுத்தார். முதல் படத்தைவிட இது அகலமாக இருந்தது. வேகன் முழுவதும், முன்னும் பின்னும் கொஞ்சம் இடமும் தெரிந்தது. பியூலா பூதக்கண்ணாடியை வைத்தார்.

"முன் சக்கரம் மண்ணுல இறங்கியிருக்கு. பின் சக்கரம் இன்னும் தண்டவாளத்து மேலேயே இருக்கு."

"ஆமா. அப்படித்தான் நானும் செய்திருக்கேன்."

"அந்தப் பின் சக்கரத்துக்கு முன்னாடி என்ன சார் இது?"

"கட்டை. தண்டவாளத்துக்கு அடியில போடற ஸ்லீப்பர் துண்டு மாதிரி இருக்கு. வேகனோட பாகம் இல்லைன்னு விட்டுட்டேன்."

"அது எப்படி அங்கே வந்துச்சு?"

கிருபாகரன் தோளைக் குலுக்கினார். பிறகு, கேள்வி உள்ளே இறங்கியதும், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பூதக்கண்ணாடியை வாங்கிக்கொண்டார்.

"சக்கரம் கட்டையைக் கடிச்சுட்டு நிக்குது" என்றார். "நின்னதுக்கு அப்புறம் வெச்சிருந்தா இப்படிப் பிளந்திருக்காது."

"பின்னாடி?"

"பின்னாடி இன்னொரு கட்டை கிடக்கு. முழுசா நசுங்கி..." அவர் குரல் மெதுவாயிற்று. "ஓடிக்கிட்டு இருந்த சக்கரத்துக்குக் குறுக்கே யாரோ போட்டிருக்காங்க டீச்சர். முதல் கட்டைக்கு நிக்கலை. ரெண்டாவதைத் தூக்கிட்டுக் கூடவே ஓடியிருக்காங்க."

"முன்னாடி என்ன இருக்குன்னு பாருங்க."

வேகனின் முன்பக்கம் ஓலைப் பந்தல் ஒன்று. பந்தலின் மூங்கில் காலுக்கும் வேகனுக்கும் நடுவே ஓர் ஆள் நுழைய முடியாது. பந்தலுக்குள் பாய்லரும் பெஞ்சும் தெரிந்தன.

"டீக்கடை" என்றார் கிருபாகரன்.

வெளியே ஒரு எலக்ட்ரிக் ரயில் போயிற்று. பிறகு பியூலா பென்சில் முனையால் ஓரிடத்தைத் தொட்டார். பின் சக்கரத்தில் சாய்ந்து தரையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். எல்லாரும் காமிராவைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் பார்க்கவில்லை. சட்டையின் ஒரு தோள் கிழிந்து தொங்கியது.

"இவர் யாருன்னு தெரியுதா சார்?"

கிருபாகரன் பூதக்கண்ணாடியை அருகில் கொண்டுபோனார்.

"அப்பா."

"இதுக்கு முன்னாடி இவரைப் பார்க்கலையா?"

"நான் லீவரைத்தான் பார்த்தேன் டீச்சர்."

அவர் பூதக்கண்ணாடியைப் படத்திலிருந்து எடுக்கவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, ஆஸ்பத்திரியில் பேசுகிறவரைப் போலச் சொன்னார்: "ரெண்டு கையிலயும் துண்டைச் சுத்தியிருக்கார். ரத்தம் ஊறியிருக்கு. வலது கை ஆழமான காயம். தையல் போட்டிருக்கணும்." அதற்குமேல் அவரால் முடியவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பத் திரும்பத் துடைத்தார்.

பியூலா தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"இதை அவர் ஏன் சொல்லலை?" என்றார் கிருபாகரன். "விசாரணையில சொல்லியிருக்கலாம். அம்மாகிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"தெரியலீங்க சார். படத்துல அது இல்லை."

அவர் தண்ணீரைக் குடித்தார். தான் செய்த வேகனைக் கையில் எடுத்து லீவரை விரல் நுனியால் தொட்டார்.

"பிரேக் போடலைங்கறதும் நிஜம்தானே?"

"நிஜம்தான்."

"இதை மாத்தவா?"

"வேண்டாம். அது மேலேதான் இருந்துச்சு."

கிருபாகரன் தலையாட்டினார். இரண்டு கட்டைகளுக்கும் அளவு குறித்துக்கொண்டார். எந்த மரம் வைக்கலாம், நசுங்கினதை எப்படிக் காட்டலாம் என்று கேட்டார். பியூலா சொன்னார். பென்சில் படத்தின்மேல் நகர்ந்து, சக்கரத்தில் சாய்ந்திருந்தவரிடம் வந்து நின்றது.

"கட்டையைச் சேர்த்துடறேன். ஆனா டீச்சர், நாம செய்யறது வேகன். அளவு பிசகாத வேகன். அதுல ஆளை எதுக்கு வைக்கணும்?"

பியூலா மேசை இழுப்பறையைத் திறந்து, செம்புக் கம்பியில் ஓர் ஆளாக வளைக்கப் போதுமான சின்னத் துண்டை நறுக்கி அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"ஆள் பக்கத்துல இருந்தாத்தான் சார், வேகன் எவ்வளவு பெரிசுன்னு தெரியும்."