துளசிமணி மாற்றிய புல்லி

"இந்த வண்டி கத்தறதை நிறுத்தறதுக்கு எனக்குச் சொல்லிக் குடு அம்மிணி" என்றாள் துளசிமணி.

கேட்டது மாமியார். கேட்கப்பட்டவள் மருமகள் கோகிலவாணி, ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் பாடம் எடுக்கிறவள். குரு வீட்டுக்குள்ளேயே இருப்பது சிஷ்யைக்கு வசதிதான். அந்தக் குரு மருமகளாகவும் போய்விட்டால் வருகிற சங்கடம் இருக்கிறதே, அது பட்டவர்களுக்குத்தான் தெரியும். ரெண்டு நாள் மென்று முழுங்கிவிட்டுத்தான் துளசிமணி வாயைத் திறந்தாள்.

வேறு வழியில்லை. சனிக்கிழமை சாயங்காலம் காரை வாங்க ஆள் வருகிறது. இப்படிக் கத்துகிற வண்டி வேண்டாம் என்று மகன் தரணிதரன் பேசி முடித்துவிட்டான்.

புருஷன் போன பிறகு, ஐம்பது வயதைத் தாண்டி, பல்லடம் ரோட்டில் எல்லோரும் வேடிக்கை பார்க்க ஓட்டிப் பழகிய கார் அது. விடியற்காலையில் கறிவேப்பிலைக் கட்டுகளைப் பின்சீட்டில் அடுக்கி உழவர் சந்தைக்குப் போவாள். கார் போனால் மூட்டையோடு பஸ் ஏற வேண்டும். ஏறிக்கொள்ளலாம். ஆனால் ஸ்டியரிங் பிடித்த கையைத் திரும்பவும் பஸ் கம்பியைப் பிடி என்றால் அந்தக் கை கேட்குமா?

"எதுனால கத்துதுங் அத்தை?"

"பெல்ட்டு வழுக்குது. வேறென்ன?"

"என்ன பண்ணுனீங்க?"

"புதுப் பெல்ட்டு போட்டுப் பாத்தேன். அப்பவும் கத்துச்சு. குங்கிலியம் தூவுனேன்."

தோட்டத்து ஆயில் எஞ்சினில் பட்டை பெல்ட் வழுக்கினால் குங்கிலியப் பொடி தூவுவது அவள் பிறந்த வீட்டு வைத்தியம். ஆயில் எஞ்சின் அதற்குக் கட்டுப்படும். கார் கட்டுப்படவில்லை, முன்னைவிட வாய்விட்டுக் கத்தியது.

வாணி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். துளசிமணியின் ரோஷம் அப்படி.

வாணி உள்ளே போய் நகப்பாலிஷ் எடுத்து வந்தாள். ஸ்டியரிங்கை ஒடித்து முன்சக்கரத்தைத் திருப்பி வைக்கச் சொல்லி, அந்தச் சந்து வழியாக ஒரு பெரிய இரும்புச் சில்லைக் காட்டினாள். எஞ்சினின் தண்டில் மாட்டி, பெல்ட்டை இழுத்துச் சுற்றுகிற கிராங்க் புல்லி.

"நடுவுல இருந்து ஓரம் வரைக்கும் ஒரே கோடா இழுங்கத்தை."

"கோடு போட்டாச் சத்தம் நின்னுருமா?"

"சந்தைக்குப் போயிட்டு வாங்க."

போனாள். வந்தாள். குந்தி உட்கார்ந்து பார்த்தாள்.

கோடு ரெண்டாகியிருந்தது. நடுவில் பாதி ஒரு பக்கம், ஓரத்தில் பாதி இன்னொரு பக்கம்.

துளசிமணி தலையை இன்னும் உள்ளே நீட்டிப் பார்த்தாள்.

"உள்ளே இருக்கறதும் வெளியே இருக்கறதும் ஒரே இரும்பு இல்லையா, அம்மிணி?"

"நடுவுல ரப்பருங்."

"அது விட்டுப் போச்சு. உள்ளே இருக்கறது சுத்தறப்ப வெளியே இருக்கறது நழுவுது." நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அடக் கடவுளே, பெல்ட்டு மேல பழியப் போட்டனே! சரி, புதுப் புல்லி வாங்கியாந்துட்டா யாரு மாத்தறது?"

வாயும் வயிறுமாக இருந்த குரு முதலில் தன் வயிற்றைக் காட்டினாள். பிறகு மாமியாரின் ரெண்டு கைகளையும் காட்டினாள்.

சனிக்கிழமை காலையில் கார் நிறுத்துகிற இடத்தில் வேலை தொடங்கியது. ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வைத்து, பின்சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, முன்சக்கரத்தையும் பெல்ட்டையும் கழற்றினாள் துளசிமணி. குரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மாங்காய்த் துண்டை உப்பில் தொட்டுக் கடித்துக்கொண்டிருந்தாள்.

புல்லியின் நடு போல்ட்டில் ஸ்பேனரை மாட்டித் தள்ளினாள். போல்ட் கழலவில்லை. புல்லி, தண்டு, எஞ்சின் எல்லாம் சேர்ந்து கூடவே சுற்றின.

"சும்மா மாங்காய் தின்னுட்டு இருக்கறியே, ஒரு வழி சொல்லேன்!"

"எது சுத்துதுங் அத்தை?"

"எல்லாமேதான் சுத்துது!"

"எது சுத்தோணும்?"

"போல்ட்டு மட்டும்."

குரு இன்னொரு துண்டு மாங்காயை எடுத்துக் கடித்தாள்.

துளசிமணி ஸ்பேனரைப் பார்த்தாள். காரின் உள்பக்கம் பார்த்தாள். சட்டென்று எழுந்து வீட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

"தரணி! வந்து டாப் கியர் போட்டு, பிரேக்கை மிதிச்சுப் புடிடா!"

தரணி போனைக் காதில் வைத்துக்கொண்டே வந்தான்.

"விக்கப்போற வண்டிக்கு எதுக்கும்மா இந்த வேண்டாத வேலை?"

"மிதிடான்னா!"

மிதித்தான். துளசிமணி ஸ்பேனரின் கைப்பிடியில் ஒரு முழ இரும்புக் குழாயைச் செருகி, முழு உடம்பையும் அதன்மேல் சாய்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மறுபடி சாய்ந்தாள்.

டொக்!

தரணி சீட்டில் துள்ளி விழுந்தான். ஏதோ உடைந்துவிட்டது என்று நினைத்தான். உடையவில்லை. போல்ட் விட்டுக்கொடுத்துவிட்டது. துளசிமணிக்கு உச்சி குளிர்ந்தது.

ஆனால் புல்லி வரவில்லை. ஒட்டிக்கொண்டு நின்றது. அவள் சுத்தியலை ஓங்கினாள்.

குரு எழுந்து வந்தாள். சுத்தியலை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். உள்ளே தேங்காய் உடைகிற சத்தம் கேட்டது. சுத்தியல் திரும்பி வரவில்லை.

"நல்லாப் பாடம் நடத்தறா போ!" என்று முணுமுணுத்தாள் துளசிமணி. வெறுங்கையால் புல்லியின் ரெண்டு ஓரத்தையும் பிடித்தாள். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். அசைத்தாள், அசைத்துக்கொண்டே இருந்தாள். அது கையோடு வந்தது.

புதுப் புல்லியைத் துடைத்து, தண்டின் மேலிருந்த சின்ன இரும்புத் துண்டு காடிக்குள் சரியாக உட்காரும்படி ஏற்றினாள். ஐ.டி.ஐ.யில் கேட்டு வாங்கிவந்த, இறுக்கத்தை அளக்கிற டார்க் ஸ்பேனரை மாட்டினாள். தரணி மறுபடி பிரேக்கை மிதித்தான். வேண்டிய இறுக்கம் வந்ததும் ஸ்பேனர் 'டிக்' என்றது.

"அம்மிணி, நீ ஒருக்கா இறுக்கிப் பாத்துரு சாமி."

"டிக்குன்னு கேட்டுச்சுங்களா?"

"கேட்டுச்சு."

"எனக்கும் கேட்டுச்சுங்."

அவ்வளவுதான். குரு குளிக்கப் போய்விட்டாள்.

துளசிமணிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நல்லாயிருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்? பெல்ட்டையும் சக்கரத்தையும் மாட்டி, காரைக் கீழே இறக்கி, சாவியைத் திருப்பினாள்.

சத்தமே இல்லை.

ஏசியைப் போட்டாள். ஆக்சிலேட்டரை மிதித்தாள். எஞ்சின் உறுமியது, கத்தவில்லை. பெருமையில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்ல ஆளில்லாமல், மதில் மேலிருந்த காக்காயிடம் "கேட்டியா?" என்றாள். இந்தக் கை செய்த வேலை! காக்காய் பறந்துபோனது, அதனால் என்ன?

மத்தியானம் தரணி காரைச் சுற்றி வந்தான்.

"சத்தம் நின்னுருச்சு, ஒத்துக்கறேன். ஆனா வீட்டுல கழட்டி மாட்டுன வண்டிம்மா இது. நடுரோட்டுல புல்லி கழண்டு ஓடுச்சுன்னா? வாங்கறவங்க கிளம்பியாச்சு. குடுத்துரலாம்."

 அவன் கேட்டதைத்தானே காலையிலிருந்து துளசிமணியின் மனசும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

அப்போது வாணி கையில் ஆஸ்பத்திரி ஃபைலோடு வாசலுக்கு வந்தாள். மாதப் பரிசோதனைக்குப் போக வேண்டிய நாள். தரணி சொல்லியிருந்த வாடகைக் கார் கேட்டுக்கு வெளியே வந்து நின்றது.

"நீயே சொல்லு அம்மிணி. நான் மாட்டுனது நிக்குமா, நிக்காதா?"

குரு சின்னக் கதவு வழியாக வெளியே போய் வாடகைக் கார்க்காரரிடம் ஏதோ பேசினாள். அவர் தலையாட்டிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

திரும்பி வந்து மாமியாரின் காருடைய முன்கதவைத் திறந்தாள். சீட்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். சீட் பெல்ட்டை இழுத்து, வயிற்றுக்குக் கீழே பதமாக இறக்கி மாட்டினாள்.

"எடுங்கத்தை. டாக்டரம்மா வந்துருவாங்க."

 

துளசிமணி கிரீஸ் கறை போகாத கையை முந்தானையில் துடைத்தாள். ஸ்டியரிங் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கினாள்.

"என்னடா பாத்துட்டு நிக்கறே? கேட்டைத் தெற."