நாற்காலிக்குக் கீழே இருந்த அரசு

வெள்ளந்திபுரத்து ஆட்களிடம் எதையும் யோசித்துச் சொல்ல வேண்டும். சொன்னதை அப்படியே செய்துவிடுவார்கள், மகராசன்கள்.

பழைய பஞ்சாயத்துத் தலைவர், தன் வாழையில் வாய் வைத்துவிட்டதென்று ஆவுடையம்மாளின் எருமையைப் பிடித்து பயிரை மேய்ந்த மாடுகளைப் பூட்டிவைக்கும் பஞ்சாயத்துப் பவுண்டில் அடைத்துவிட்டார். வீட்டில் பால்குடி மறக்காத கிடேரிக் கன்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிக் கிடந்தது. ஊரே கொதித்துப்போனது. நல்லவேளை, அந்த வாரமே தேர்தல் வந்தது. அவரைக் கவிழ்த்துவிட்டுத் தங்களில் ஒருவனான கொம்பையாவை நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

"கொம்பையா, எருமையை விடுய்யா," என்றாள் ஆவுடையம்மாள்.

"ரூல்ஸ் இடம் கொடுக்காதே, யக்கா," என்றான் அவன்.

நேற்றுவரை ரூல்ஸ் கருப்பா சிவப்பா என்றே அவனுக்குத் தெரியாது. எல்லாம் பவுண்டு காவல்காரர் செல்லையா காதில் ஓதியது. பழைய தலைவருக்கும் அவர்தான் ஓதினார்.

அன்று சாயங்காலம் டவுனிலிருந்து சிவப்புத் துண்டு போட்ட தோழர் ஒருவர் வந்து முழங்கினார்: "நாற்காலியில் உட்கார்ந்திருப்பது வெறும் அரசாங்கம், தோழர்களே! வரும், போகும். அதுக்குக் கீழே அசையாமல் கிடக்குதே, அதுதான் அரசு! பணக்காரனுக்குத்தான் வாலாட்டும். அதைக் கைப்பற்றுங்கள்! அப்புறம் அது தானாக உலர்ந்து உதிர்ந்துவிடும்!"

கைதட்டலை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டார். புண்ணியவான்.

மறுநாள், கூட்டத்தில் கைதட்டிய சங்கிலியும் பூலித்துரையும் ஆட்களோடு பஞ்சாயத்து ஆபீசுக்குப் போய், கொம்பையாவை நாற்காலியோடு தூக்கிப் பார்த்தார்கள். கீழே ஒரு செவலை நாய் தூங்கிக்கொண்டிருந்தது.

"இதுவால அரசு?" என்றான் சங்கிலி.

"பின்னே? ஆட்சியே மாறுச்சே, இது எந்திரிச்சுதா?" என்றான் பூலித்துரை.

"ஆமால! பழைய தலைவரைக் கண்டா வாலாட்டும். என்னைக் கண்டா உறுமும்."

அதற்குப் பிறகு யாருக்கும் சந்தேகம் இல்லை. பிடித்துக் கட்டினார்கள். கைப்பற்றிய அரசைத் தெருவில் விட முடியுமா? பவுண்டுதான் தோது என்று முடிவாயிற்று.

செல்லையா கதவைத் திறந்தார். எருமை ஆசையாகத் தலையை நீட்டியது.

"அடைங்கல! அரசு ஓடிரும்!" என்று பூலித்துரை கதவை அறைந்து சாத்தினான். எருமையின் மூக்கு தப்பியது அதைப் பெற்றவள் செய்த புண்ணியம். கூடுதலாக ஒரு பூட்டும் போட்டு, செல்லையா கையில் இன்னும் பெரிய தடியாகக் கொடுத்தார்கள்.

"என் எருமை? கன்னு செத்துரும்ல, பாவிகளா!" என்று கதறினாள் ஆவுடையம்மாள்.

"பொறு மயினி. அரசே இப்ப நம்ம கையில! அது உதிர்ந்ததும் பவுண்டுக்கு என்ன வேலை?" என்றான் பூலித்துரை.

தினமும் காலையில் போய் எட்டிப் பார்த்தார்கள். செல்லையாவோ எருமையைக் கறந்து, பாதியைத் தான் குடித்துவிட்டு மீதியை நாய்க்கு ஊற்றிக்கொண்டிருந்தார்.

"உலருதால?"

"வயிறுல்லா உப்புது!" என்றான் பூலித்துரை.

"பழுக்காம எதும் உதிருமால? பொறு," என்றான் சங்கிலி.

ஒருநாள் போய்ப் பார்த்தால், அரசு ஐந்து குட்டி போட்டிருந்தது. எல்லாம் செவலை.

புளித்த கஞ்சித் தண்ணீரிலேயே உயிரைப் பிடித்துவைத்திருந்த கன்றைத் தூக்கிக்கொண்டு ஆவுடையம்மாள் ஓடி வந்தாள். "இப்பவாச்சும் எருமையை விடுங்கய்யா!"

ஊர் கூடி வெகுநேரம் பேசியது. கடைசியில் கொம்பையா தொண்டையைச் செருமினான்.

"யக்கா, நேத்து நமக்கு ஒரு அரசு. இன்னைக்கு ஆறு. எருமையை விட்டா அதுக பாலுக்கு எங்க போகும்?"

பிறகு அவள் தோளில் கிடந்த கன்றைப் பார்த்தான்.

"கிடேரிதானே? நாளைக்குக் கறக்கும். அதையும் உள்ள விட்டுட்டுப் போ. குட்டிக இன்னும் பெருகும்லா."