நாலு ஆகும் வரை

குருவுக்கு வயது முப்பத்திரண்டு. சீடருக்கு அறுபது.

குரு ஃபௌசியா, பேஸ்பாலில் மாநிலத்துக்கு ஆடியவர். சீடர் வேலாயுதம், முப்பது வருஷம் அரசுப் பள்ளியில் வாலிபால் சொல்லிக் கொடுத்து ஒரு கோப்பையைக்கூடத் தொடாமல் ஓய்வு பெற்றவர். பிரிவுபசார விழாவில் பேசியவர்கள் எல்லோரும் அவர் நேரம் தவறாமல் வந்ததைப் பாராட்டினார்கள். வேறு எதுவும் அகப்படாவிட்டால் அதைத்தானே சொல்வார்கள். அந்த வலி அவருக்கு ஆறவே இல்லை.

திண்டுக்கல்லில் ஆறேழு வயதுப் பிள்ளைகளுக்கு ஃபௌசியா நடத்திய பேஸ்பால் பயிற்சியில் உதவிக்குச் சேர்ந்தார். மகள் வயதுப் பெண்ணை வாய் கூசாமல் "கோச்" என்று கூப்பிட்டார். அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது.

அந்த வயதில் ஆட்டம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பந்து ஒரு பக்கம் போனால் எல்லாப் பிள்ளைகளும் அந்தப் பக்கம் ஓடுவார்கள். ஒன்று மட்டும் நடுவில் உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டிருக்கும். முகிலா என்ற ஏழு வயதுப் பெண் ஒவ்வொரு பந்துக்கும் மட்டையைச் சுழற்றுவாள். பத்தில் ஒன்று படும். பட்டதும் ஓட மறந்து அங்கேயே நின்று சிரிப்பாள்.

ஃபௌசியாவுக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை என்று முடிவானது. விசிலைக் கழற்றி வேலாயுதத்திடம் கொடுத்தார்.

"ஆறு வாரம் பாத்துக்கங்க சார். வந்து பாக்குறேன். சரியா இருந்தா டீமை உங்ககிட்டயே விட்டுடறேன்."

"என்ன சொல்லிக் கொடுக்கட்டும் கோச்?"

"அடிக்கட்டும். அது போதும்."

ஐந்தாவது வாரம் ஒரு போட்டி இருந்தது. மற்ற அணிகள் எப்படி ஆடுகின்றன என்று முன்னாலேயே பார்க்கப் போன வேலாயுதத்துக்கு, கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது. பந்து வீசுவதும் குழந்தைகள்தான். வீசியதில் பாதி தரையில் உருண்டது, மீதி வேலிப்பக்கம் போனது. மட்டைக்கு எட்டாத பந்து நான்கு விழுந்தால், அடிக்க நிற்பவர் அடிக்காமலேயே, ஓடிச் சேர வேண்டிய முதல் பேஸுக்கு நடந்து போகலாம் என்பது விதி. ஒவ்வொருவராக நடந்தாலே, முன்னால் நிற்பவர் அடுத்த பேஸுக்குத் தள்ளப்பட்டு ரன் வந்து விழும்.

அன்றிலிருந்து ஒரே பாடம். மட்டையைத் தோளில் வை. அசையாதே. நாலு ஆகும் வரை நில்.

பிள்ளைகளைச் சோதிக்க, பந்து வரும்போது "அடி, அடி" என்று அவரே கத்துவார். ஏமாந்து சுழற்றிய பிள்ளை மைதானத்தை ஒரு சுற்று ஓட வேண்டும். முகிலா முதல் நாள் பதினோரு சுற்று ஓடினாள். மூன்றாம் நாள் இரண்டு. அதற்குப் பிறகு ஓடவில்லை.

கோப்பை வந்தது. பெற்றோர்கள் அவரைத் தோளில் தூக்காத குறை. மூன்று ஆட்டத்திலும் ஒரு பந்துகூடத் தன் பிள்ளைகளின் மட்டையில் படவில்லை என்பது வேலாயுதத்துக்குக் கொஞ்சம் உறுத்தியது. கழுத்தில் மாலை விழுந்ததும் அந்த உறுத்தல் அடங்கிவிட்டது.

ஃபௌசியா ஊன்றுகோலோடு வந்தார். வேலாயுதம் கோப்பையை அவர் கையில் கொடுத்தார்.

"கோச், முப்பது வருஷமா யாரும் என்கிட்ட சொல்லாத ஒண்ணு. உங்க வாயால கேக்கணும். நான் நல்ல வாத்தியாரா?"

ஃபௌசியா கோப்பையைப் புல்லில் வைத்தார். புதிதாக வரும் பிள்ளைகள் அடித்துப் பழகும் இடுப்புயரக் கம்பத்தை நிறுத்தி, அதன் தலையில் ஒரு பந்தை உட்கார வைத்தார்.

"முகிலா, வாம்மா. அடி."

முகிலா வந்து, மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றாள். கம்பத்தில் பந்தும் அசையவில்லை, அவளும் அசையவில்லை.

"அடிம்மா. பந்து எங்கயும் போகாது."

"நாலு ஆகட்டும் மிஸ்."

"இத யாரும் வீசலம்மா. சும்மாதானே இருக்கு."

முகிலாவின் கண் வேலாயுதத்தின் மேலேயே இருந்தது. அவர் கிட்டே போய் மண்டியிட்டார்.

"சார் சொல்றேன் கண்ணு. அடி."

அவள் மட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நான் ஏமாற மாட்டேன் சார்" என்றாள் பெருமையாக.

"நிஜமாத்தான் சொல்றேன். ஓட விட மாட்டேன். ஒரே ஒரு தடவை."

"அன்னிக்கும் இப்படித்தான் சொன்னீங்க."

வேலாயுதம் மண்டியிட்டபடியே இருந்தார்.

"ஏதாவது சொல்லுங்க கோச்" என்றார்.

ஃபௌசியா பந்தை எடுத்துப் பையில் போட்டுவிட்டுக் கையை நீட்டினார். வேலாயுதம் விசிலைக் கழற்றி அந்தக் கையில் வைத்தார்.

"நல்ல வாத்தியார்தான் சார் நீங்க" என்றார் ஃபௌசியா. "பிள்ளைக்கு ஒண்ணுகூட மறக்கல பாருங்க."