இரும்பர்களின் முறை

மாடிவீட்டில் உட்கார்ந்து ஊறிய மொச்சையைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள் அம்சவேணி. கோபத்தோடு பிதுக்கினாள். பருப்பு தோலை விட்டுத் துள்ளிப் போய் எதிர்ச் சுவரில் அடித்தது.

"குருவே, என் வில்லனைப் பார்த்து ஒருத்தரும் பயப்பட மாட்டேங்கிறாங்க."

குரு என்று அவள் சொன்னது அந்த மாடிவீட்டு நிரோஷாவை. நிரோஷா அவளைவிட ஆறு வயது சின்னவள். செல்போன் கடையில் வேலை. ஆனாலும் பகடைக் கதையை அந்தத் தெருவுக்குக் கொண்டுவந்தவள் அவள்தான்.

ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் வீரனாகவோ மந்திரக்காரியாகவோ அந்தக் கதைக்குள் போக வேண்டும். பகடை விழுகிறபடி கதை நடக்கும்.

மூன்று ஞாயிறாக அம்சவேணி கதை சொல்கிறாள். வேறெங்கும் நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள்.

"வில்லன் யாரு அக்கா?"

"இரும்பர்கள். உடம்பெல்லாம் பல்சக்கரம். எதையும் முறைப்படிதான் செய்வாங்க. முறை தவறினா அவங்களுக்கு ஆகாது."

"நல்லாத்தானே இருக்கு."

"எங்க நல்லா இருக்கு? கூட ஆடுற அந்தக் கோதண்டன், இது என்ன கிரைண்டரா, ஒயரைப் புடுங்கிவிட்டா நின்னுடுமாங்கிறான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க. நாளைக்கும் சிரிப்பு வந்துச்சுன்னா கதை சொல்ற இடம் இனிமே அவனுக்காம். பேசி முடிச்சுட்டாங்க."

இன்னொரு பருப்பு சுவரில் அடித்தது.

நிரோஷா எழுந்துபோய் அதைப் பொறுக்கி வந்து கிண்ணத்தில் போட்டாள்.

"உங்க இரும்பர்கள் என்ன செஞ்சாங்க?"

"கத்தினாங்க. ஊரைக் கொளுத்தினாங்க. பல்லை நறநறன்னு கடிச்சாங்க."

"எதுக்கு?"

"கோபத்துலதான். வில்லன்னா கோபம் வேணாமா?"

"இப்ப உங்களுக்குத்தான் கோபம். நீங்க வில்லியா?"

அம்சவேணிக்குச் சுருக்கென்றது. "நான் கேட்க வந்தது ஒண்ணு, நீ கேட்கிறது ஒண்ணு. சொல்லிக்கொடுக்க இஷ்டமில்லேன்னா வாயைத் திறந்து சொல்லிடு. உன்னைப் போய் குருன்னு கூப்பிட்டேன் பாரு."

நிரோஷா பகடையை எடுத்து அவள் முன்னால் வைத்தாள்.

"ஒரு கோட்டை. நீங்க வாசல்ல நிக்கிறீங்க. கையில வாள் இருக்கு. உள்ள உங்க பையன் இருக்கான். இப்ப உங்க முறை."

"கதவை உடைப்பேன்."

"உருட்டுங்க."

ஈரக்கையாலேயே உருட்டினாள். ஆறு.

"உடைஞ்சுருச்சு. உள்ளேயிருந்து ஒரு இரும்பன் வர்றான். உங்களைப் பார்க்கல. கதவைத் தூக்கி நிறுத்தி ஆணி அடிக்கிறான்."

"அவனை வெட்டுவேன்."

ஐந்து.

"விழுந்துட்டான். அடுத்தவன் வர்றான். விழுந்தவன் கையிலிருந்த சுத்தியை எடுத்து, அவன் விட்ட ஆணியிலேர்ந்து அடிக்கிறான்."

"அவனையும் வெட்டுவேன்."

மறுபடி ஆறு.

"அவனும் விழுந்துட்டான். அதுக்கும் அடுத்தவன் வந்து அடிச்சு முடிக்கிறான். இப்பதான் உங்களைப் பார்க்கிறான். உட்காருங்கம்மா, குடிக்கத் தண்ணி வேணுமாங்கிறான். உள்ள இருக்கிற பையனுக்கு நீங்க என்ன முறைன்னு கேட்கிறான்."

"அம்மா."

"எழுதிக்கிறான். பிள்ளையைப் பார்க்க வந்த அம்மாக்கள்ல நீங்க நானூத்திப் பன்னண்டாவது. நாலாவது அம்மா இப்பதான் உள்ள போயிருக்காங்க. உங்க முறை வர்றப்ப கூப்பிடுறேங்கிறான்."

"நான் பெத்த பிள்ளையைப் பார்க்க எனக்கு முறை வரணுமா?"

"எல்லாருக்கும் அப்படித்தாம்மாங்கிறான்."

நிரோஷாவின் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

"டேய், என்னைக் காணோம்னு அவன் உள்ள அழுவான்டா."

"அழல."

"ஏன் அழல?"

"அழறதுக்கு அவன் முறை இன்னும் வரல."

அம்சவேணியின் கை நின்றது. பாதி உரிந்த மொச்சை ஒன்று விரலிடுக்கில் இருந்தது.

பிறகு கிண்ணத்தை ஒரே தள்ளாகத் தள்ளினாள். பருப்பும் தோலும் அறையெங்கும் ஓடின.

"அவனை உருக்கி ஊத்திடுவேன்."

"எவனை அக்கா? உங்களை அடிச்சானா?"

"இல்ல."

"திட்டினானா?"

"இல்ல."

"பொய் சொன்னானா?"

"தண்ணி வேணுமான்னு கேட்டான்," என்றாள் அம்சவேணி. "படுபாவி, அந்த நேரத்துல தண்ணி வேணுமான்னு கேட்டான்."

நிரோஷா குனிந்து மொச்சையைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

பிறகு அம்சவேணியும் மண்டியிட்டுக் கூடச் சேர்ந்து பொறுக்கினாள். அவள் பேசியபோது குரல் இறங்கியிருந்தது.

"கதையில கோதண்டன் தன் தங்கச்சியைத் தேடிக்கிட்டு வர்றான், குருவே."

"ம்."

"நாளைக்கு அவன் கோட்டை வாசலுக்கு வருவான். வாளை உருவுவான். நான் கத்த மாட்டேன். உட்காருங்க சார்ம்பேன். தண்ணி வேணுமாம்பேன். அப்புறம் மெதுவா, உள்ள இருக்கிறவளுக்கு நீங்க என்ன..."

"அம்சா, புள்ள எந்திரிச்சு அழுவுறான், வா," என்று கீழ்வீட்டிலிருந்து மாமியார் குரல் கொடுத்தார்.

கையிலிருந்த மொச்சையை அப்படியே போட்டுவிட்டு அவள் இரண்டிரண்டு படியாக இறங்கினாள். பிள்ளை வீறிட்டு அழுதுகொண்டிருந்தான். அந்த அழுகையைக் கேட்கக் கேட்க அவளுக்கு நிம்மதியாக இருந்தது.