படத்தின் மூலையில் இருந்த பெயர்

தீர்ப்புச் சொல்லத் துடிக்கிறவர்கள் கொஞ்சம் வாயைக் கட்டிக்கொண்டு முழுதாகக் கேளுங்கள்.

சங்கரன்கோவில் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி. அங்கே ஸ்கேன் படங்களைக் கணினியில் பார்த்துக்கொள்பவர் எபனேசர். ஒருநாள் லாரி ஓட்டும் தவசி, மனைவி ராஜகனியோடு வந்தான். அவர்களுக்குப் பிறந்த பெண் குழந்தை ஒன்பது நாள்தான் உயிரோடு இருந்தது. அதுவும் கண்ணாடிப் பெட்டிக்குள். தாய் மடிக்கு வரவே இல்லை. முப்பது நாள் ஆகாமல் போட்டோ எடுத்தால் கண் பட்டுவிடும் என்று, செல்போனை எடுத்த ராஜகனியை அதட்டி உள்ளே வைக்கச் சொன்னவன் தவசி. ஆக, பிள்ளையின் படமென்று மிஞ்சியது தலையில் எடுத்த நான்கு ஸ்கேன் படங்கள்தான்.

பெயர் வைக்காத சிசுவைத் தாய் பெயரில் பதிவது ஆஸ்பத்திரி வழக்கம். ‘பேபி ஆஃப் ராஜகனி’ என்றிருந்தது. தொட்டில் போடும் நாளுக்கென்று தாங்கள் முடிவு செய்திருந்த பெயர் இளவேனில், அதைப் போட்டு ஒரு சிடி வேண்டும் என்றான் தவசி. ஆஸ்பத்திரிப் பதிவைத் தொட முடியாது, நகலில் மாற்றித் தருகிறேன் என்றார் எபனேசர்.

கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினார். படங்களின் பட்டியலில் இளவேனில் வந்துவிட்டது. படத்தைத் திறந்தால் மூலையில் பழைய பெயரே நின்றது. கட்டளையில் பிசகென்று மூன்று தடவை தட்டினார். மூன்று தடவையும் அதேதான். பிறகுதான் பிடிபட்டது: கட்டளை மாற்றியது கோப்போடு சேர்ந்திருக்கும் விவரத்தை மட்டும். மூலையில் இருந்த எழுத்தோ, படம் எடுக்கும்போதே இயந்திரம் படத்துக்குள் பதித்துவிட்டது. அந்த இடத்தையே கறுப்படித்தால்தான் போகும்.

“அடிச்சிருங்க சார்” என்றான் தவசி. “செத்த பெறவும் பேரில்லாத பிள்ளையாவா கெடக்கணும்?”

எதிர் நாற்காலியில் இருந்த ராஜகனி எழுந்து வந்தாள்.

“வேண்டாம்ணே. அவளும் நானும் ஒண்ணா இருக்கற படம் இது மட்டுந்தான்.”

எபனேசர் கையை எடுத்துவிட்டார். மூலையை அப்படியே விட்டு, சிடியை எழுதி நீட்டினார். பாதி வேலை எனக்கு வேண்டாமென்று தவசி படியிறங்கிப் போனான். ராஜகனிதான் வாங்கிக்கொண்டாள்.

பெயர் கேட்ட தகப்பன், பெயரை அழிக்காதே என்ற தாய், பாதியில் நிறுத்தியவர். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: ராஜகனி. தவசி கேட்டது மகளுக்கு ஒரு பெயர். அது ஏறிவிட்டது, யார் திறந்தாலும் பட்டியலில் அதுதான் நிற்கும். அதற்குமேல் அவன் கேட்டது அழிப்பு. அதில் மகளுக்கு ஒன்றும் கூடப்போவதில்லை, தாய்க்கு இருந்ததும் போகும். எபனேசர் நிறுத்தியது சரி. ஆனால் முதல் கட்டளைக்கு முன்னாலேயே அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா, எதிர் நாற்காலியில்தானே இருந்தாள்? தவசியை நாலு வார்த்தை திட்டலாமென்றால் வாய் வரவில்லை. பிள்ளை பிறந்த பிறகு இளவேனில் என்று அவன் முதல்முதலாக வாய்விட்டுச் சொன்னது அந்த அறையில்தான். அதுவும் எபனேசர் தட்டுவதற்காக, எழுத்தெழுத்தாக.