ஏட்டைத் திறந்தால் எழுதி வை

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. பெயரைச் சொன்னால் இரண்டு ஊர்க்காரர்கள் 'அது எங்களுடையது' என்று சண்டைக்கு வருவார்கள். ஆகையால் நான் சொல்லப்போவதில்லை. அந்த நாட்டு ராஜா ஒருநாள் பொழுது போகாமல் அரண்மனைச் சுவடிச்சாலைக்குள் நுழைந்தார். கைக்கு எட்டிய ஓலைச்சுவடி ஒன்றை இழுத்தார். பாதிதான் கையோடு வந்தது. மீதியைக் கரையான் தின்றிருந்தது.

"இதைக் கடைசியாக யார் திறந்தார்கள், எப்போது திறந்தார்கள்?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. ராஜாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ராயசம் நாகையனுக்கு இது போதாதா? அரசருடைய ஆணைகளை ஓலையில் எழுதும் உத்தியோகம் அவருக்கு. ராஜா ஒரு சொல் சொன்னால் பத்தாக்கி எழுதுவார். அன்றும் எழுதினார்: 'எந்தச் சுவடியை யார் வாசித்தாலும், வாசித்தவர் பெயரும் நாளும் நாழிகையும் அதன் கடைசி ஏட்டில் பொறிக்கப்படவேண்டும். பொறித்ததை இன்னொருவர் வாசித்துச் சரிபார்க்கவேண்டும். அதன்பிறகே மேற்கொண்டு வாசிக்கலாம்.'

ஓலையில் எழுதுவது லேசான வேலையா? எழுத்தாணியால் கீறவேண்டும், கரி தடவவேண்டும், துடைக்கவேண்டும். அப்போதுதான் எழுத்து கண்ணுக்குத் தெரியும். ஒரே ஒரு பாட்டைப் பார்த்துவிட்டுப் போக வந்தவர்கள் கரித்துணியும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். மூன்று மாதத்தில் சுவடிச்சாலைக்கு வெளியே வரிசை, கோயில் தேர் நிற்கும் தேர்முட்டி வரை நீண்டுவிட்டது.

அந்தச் சமயம் பார்த்துப் பட்டத்து யானைக்கு வயிறு உப்பியது. யானை வைத்தியர் சுவடி தேடி ஓடிவந்தார். அவருக்கு முன்னால் பதினேழு பேர் நின்றார்கள். மருந்தின் பெயர் தெரிய மாலையாகிவிட்டது. யானை பிழைத்தது, ஆனால் வலி தாங்காமல் இரண்டு சுவரை இடித்துத் தள்ளியிருந்தது.

"சுவடிக் காப்பாளர் அரங்கணனின் சோம்பலே காரணம், மகாராஜா" என்றார் நாகையன், மறுநாள் காலைச் சபையில்.

"இன்று பொழுது சாய்வதற்குள் அவனைக் குடும்பத்தோடு எல்லைக்கு அப்பால் விட்டுவாருங்கள்" என்றார் ராஜா.

சபையில் நின்ற அரங்கணனைக் காவலர்கள் பிடித்துக்கொண்டார்கள். விகடகவி எல்லப்பனுக்கு மனம் பொறுக்கவில்லை. சபையைச் சிரிக்கவைப்பதுதான் அவன் வேலை. அன்று அவனுக்கே சிரிப்பு வரவில்லை. விடுவிடுவென்று சபையின் நடுவே வந்து நின்றான்.

"இந்தத் தீர்ப்பு தப்பு, மகாராஜா."

 நாகையன் புன்னகை செய்தார். எல்லப்பன் தானாக வந்து வலையில் விழுகிறானே என்று அவருக்கு உள்ளூரக் குளிர்ந்தது.

"அவ்வளவு கெட்டிக்காரர் என்றால் எல்லப்பனே காப்பாளர் இடத்தில் உட்காரட்டும். யானைச் சுவடியில் வயிற்று உப்புசத்துக்கு என்ன மருந்து என்று இங்கேயே வாசிக்கட்டும். தாமதமானால் அவரும் அரங்கணனோடு கிளம்பட்டும்" என்றார்.

"சம்மதம். ஆனால் ஆணையில் ஓர் எழுத்தைக்கூட நான் விடமாட்டேன்" என்றான் எல்லப்பன்.

சுவடி வந்தது. பிரித்தான். கடைசி ஏட்டில் தன் பெயரைக் கீறினான், கரி தடவினான், துடைத்தான். "ராயசம், சரிபாரும்."

நாகையன் வாசித்தார். "சரியாக இருக்கிறது. மருந்தைச் சொல்லும்."

"எப்படிச் சொல்வது? இப்போது இந்தச் சுவடியை நீர் வாசித்தீரே! உம்முடைய பெயரை யார் பொறிப்பது?" நாகையன் பெயரையும் கீறினான். "தளவாயே, இதைச் சரிபாருங்கள்."

படைத்தலைவரான தளவாய் வாசித்தார். அவர் பெயர் ஏறியது. அதைப் புரோகிதர் சரிபார்த்தார். அவர் பெயரும் ஏறியது. உச்சிப்பொழுது வந்தது. சபையில் இருந்த நாற்பது பேர் பெயரும் ஏட்டில் இருந்தது, குனிந்து வாசித்த நாற்பது பேர் மூக்கிலும் கரி இருந்தது. மருந்தின் முதல் எழுத்தைக்கூட ஒருவரும் கேட்கவில்லை.

"போதும்!" என்று கத்தினார் ராஜா. "என்ன விளையாட்டு இது?"

"ஆணை, மகாராஜா. தங்கள் முத்திரை விழுந்த ஆணை. இத்தனை நாளும் சரிபார்த்தவர்கள் பெயரை எழுதாமல் விட்டார் அரங்கணன். தங்கள் ஆணையை அவர் மீறினார், அதனால்தான் யானை பிழைத்தது. ராயசம் எழுதியபடி நடந்திருந்தால் யானையைப் புதைத்திருப்போம்."

நாகையன் எழுந்தார். "மகாராஜா கேட்டதைத்தானே எழுதினேன்?"

"மகாராஜா கேட்ட காரணம் வேறு" என்றான் எல்லப்பன். "எந்தச் சுவடி கேட்பாரற்றுக் கிடந்து கரையானுக்குப் போகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதற்கு நாழிகை எதற்கு? ஒரு நாளைக்கு எத்தனை பேர் வாசித்தாலும் அந்த நாளைக் குறிக்கும் ஒரே ஒரு கீறல் போதும். சுவடியில் யாராவது திருத்தம் செய்தால், அதற்குப் பிறகு முதலில் வாசிப்பவர் இன்னொரு கீறல் போடட்டும். திருத்தத்தைப் பார்த்தார்களா என்பதும் தெரிந்துவிடும். மற்ற நேரமெல்லாம் வாசிக்க வந்தவர்கள் வாசித்துவிட்டுப் போகட்டும்."

ராஜா கடைசி ஏட்டைப் பார்த்தார், நாற்பது கரி மூக்குகளைப் பார்த்தார். அடக்கமுடியாமல் சிரித்துவிட்டார். "அரங்கணனை விடுங்கள். எல்லப்பா, இந்த முத்துமாலை உனக்கு."

எல்லப்பன் கையை நீட்டவில்லை. "மாலை அப்புறம் இருக்கட்டும். சபை நடுவில் குற்றம் சொன்னீர்கள். தப்பு யாருடையது என்பதையும் சபை நடுவிலேயே சொல்லுங்கள்."

ராஜாவின் சிரிப்பு நின்றது. காவலர் கை வாளுக்குப் போயிற்று. எல்லப்பன் நின்ற இடத்திலிருந்து அசையவில்லை. ராஜா மெல்ல இறங்கிவந்து அரங்கணன் முன்னால் நின்றார்.

"தப்பு என்னுடையது, அரங்கணரே" என்றார்.

பிறகு முத்துமாலையை எல்லப்பன் கழுத்தில் போட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் எழுத்தாணியைக் கையில் எடுத்துவிட்ட நாகையனைத் திரும்பிப் பார்த்து, விலா நோகச் சிரித்தார்.

"இதற்கு நாழிகை குறிக்கவேண்டாம், ராயசம்!"